அடையாற்றங்கரையில் இரண்டு வோட்டெடுப்புகள்

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஆசை இல்லை, கோபம். தென்னாற்காடு ஜில்லாவில் ஒரு சிறிய ஊரின் நகரசபையில் நான் ஓர் அங்கத்தினர். சபையில் பெண்கள் இரண்டே பேர், அதில் நான் ஒருத்தி. எங்கள் ஊரின் குடிதண்ணீர் ஏரி வருஷா வருஷம் மேடிட்டுக்கொண்டே வருகிறது. தூர் வாரி, கரையை உயர்த்தி, வரத்து வாய்க்காலைச் சீர்செய்து முடிக்க எட்டுப் பத்து வருஷம் பிடிக்கும். அதுவரை வரியும் சற்றுக் கூடும். இதற்காக நான் கொண்டுபோன தீர்மானம் ஆவணி மாதக் கூட்டத்தில் தோற்றுப்போயிற்று.

தோற்றதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். எதிர்த்து வோட்டுப் போட்ட ஒருவர் வெளியே வந்து என்னிடம் பரிவாகச் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை. "நீங்க சொல்றது சரிதாம்மா. பத்து வருஷம் கழிச்சு வரப்போற தண்ணிக்கு இன்னைக்கு எவன் வோட்டுப் போடுவான்?" என்றார்.

சுதந்திரம் வந்து ஒரு வருஷம் ஆகிறது. வயது வந்த அத்தனை பேருக்கும், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் வோட்டு என்று டில்லியில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நானும் அதற்காக மேடையேறிப் பேசியவள்தான். ஆனால் வரி கட்டுகிற சில நூறு பேர் தேர்ந்தெடுத்த சபைக்கே பத்து வருஷம் தாண்டி யோசிக்க முடியவில்லை என்றால், கோடிக்கணக்கான பேர் சேர்ந்து என்ன செய்துவிடப் போகிறோம்? ராஜிநாமா செய்துவிடலாம் என்றிருந்தேன். அப்போதுதான் சாந்தோமில் இருக்கும் என் சிநேகிதி பிலோமினா சொல்லி அனுப்பினாள். நாங்கள் இருவரும் உபாத்தியாயினிப் பயிற்சிப் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். அவள் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அங்கே மாதாகோயில் தெருவிலேயே இருக்கிறது. ராஜிநாமாவுக்கு முன்னால் ஒரு முறை பட்டணத்துக்கு வந்து போ, அடையாற்றங்கரைக் குப்பம் ஒன்றில் சர்க்கார் வோட்டே இல்லாதவர்கள் வோட்டுப் போடுவதைக் காட்டுகிறேன் என்றாள்.

புரட்டாசி பிறந்த முதல் சனிக்கிழமை கிளம்பினேன். விழுப்புரத்திலிருந்து எழும்பூர் நூறு மைல். காலை ஆறு மணி வண்டி, மூன்றாம் வகுப்பில் பெண்கள் பெட்டி. உட்கார இடம் கிடைத்தது, சாய இடம் கிடைக்கவில்லை. பதினொன்றரைக்கு எழும்பூரில் இறங்கி, அங்கேயே மின்சார ரயில் பிடித்து மாம்பலம் போனேன். முதல் தடவை வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்த ரயில் எந்த நிலையத்திலும் அதிக நேரம் நிற்காது. மூட்டையை முன்கூட்டியே கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுங்கள். நான் வராததால் கோடம்பாக்கத்தில் ஓர் அம்மாள் என் பிரம்புக் கூடையை மிதித்துவிட்டாள்.

தியாகராய நகரில், பனகல் பார்க்குக்குப் பக்கத்தில் என் சித்தப்பா வீடு. அவர் அணைக்கட்டு வேலைகளையே முப்பது வருஷம் பார்த்து ஓய்வு பெற்ற இஞ்சினியர். சாப்பாடு ஆனதும் என் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அதுவே எனக்கு ஆறுதலாக இருந்தது.

"நான் பார்த்த அணை ஒவ்வொண்ணும் உத்தரவுல எழும்பினதும்மா" என்றார். "யாரையும் கேட்கலை. கேட்டிருந்தா ஒரு கல்லு ஏறியிருக்காது. பசிக்கிறவனுக்கு இன்னைக்குச் சோறு வேணும். அது அவன் தப்பில்லை. அவன்கிட்டப் போயி உன் பேரனுக்குத் தண்ணி தர்றேன்னா எப்படிக் கேட்பான்? நாளைக்கு வர்ற ஆபத்தைப் பார்க்க ஒருத்தன் தனியா உட்கார்ந்து யோசிக்கணும். கூட்டத்துக்கு அது வராது."

 அவர் வாதத்தில் அகங்காரம் இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், அதுவும் இல்லை. சாயங்காலம் பஸ் பிடித்து மயிலாப்பூர் லஸ் முனையில் இறங்கினேன். அங்கிருந்து சாந்தோமுக்கு ஜட்கா வைத்துக்கொண்டேன். வண்டிக்காரர் எட்டணா கேட்டு, ஆறணாவுக்கு இறங்கினார். குளத்தங்கரையைச் சுற்றிக்கொண்டு போகும்போது, எதற்காக வந்தேன் என்று விசாரித்தார். ஆற்றங்கரைக் குப்பத்தைப் பார்க்க என்றேன்.

"அந்தக் குப்பமா? அங்க எத்த எடுத்தாலும் கூட்டம் போட்டுக்கினே இருப்பாங்கம்மா. ஒரு கூரை மாத்தணும்னாலும் அல்லாரும் குந்திக்கினு பேசணும். நம்மளுக்கு அதெல்லாம் ஆவாது" என்றார். சற்று தூரம் போன பிறகு, "ஆனா அங்க ஒரு ஊட்டையும் யாரும் புடுங்கிப் போட்டதில்ல. அதுவும் கீது" என்று தானாகவே சேர்த்துக்கொண்டார்.

மறுநாள் ஞாயிறு. பிலோமினா காலைப் பூசைக்குப் போய்வந்தாள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் இருவரும் பஸ்ஸில் கிளம்பினோம். சாந்தோமிலிருந்து அடையாற்றுப் பாலம் இரண்டு மைல், ஒன்றரை அணா. பாலத்தைத் தாண்டாமல் இந்தக் கரையிலேயே இறங்கி, மேற்கே கரையோடு அரை மைல் நடக்க வேண்டும். நடக்கிற வழியே பார்க்கத் தகுந்தது. ஆறு அங்கே கடலைப் போல அகன்று கிடக்கிறது. கழிமுகத்தில் மணல் அடைத்திருந்ததால் தண்ணீர் அசையவில்லை. எதிர்க்கரையில் பெரிய தோட்டத்து மரங்கள் கறுப்புச் சுவர் மாதிரி நின்றன. இந்தப் பக்கம் துவைத்த வேஷ்டிகளும் புடவைகளும் அரை மைலுக்குக் கயிற்றில் பறந்துகொண்டிருந்தன. பட்டணத்துப் பெரிய மனிதர்களின் சட்டைகள் எல்லாம் இங்கேதான் காற்று வாங்குகின்றன.

குப்பத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று அங்கே இருப்பவர்கள் கேட்டுக்கொண்டார்கள். கூட்டம் போடுகிற குப்பம் என்று பாலத்தின் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் காட்டிவிடுவார்கள்.

எங்களை எதிர்கொண்டவள் கன்னியம்மா. நாற்பது வயதிருக்கும். ஆற்றோரத்தில் கீரை போட்டு, தினமும் தலையில் சுமந்துபோய் மாம்பலத்தில் விற்கிறவள். அந்த வருஷம் கூட்டம் நடத்துவது அவளுடைய முறை. அங்கே தலைவர் என்று நிரந்தரமாக யாரும் இல்லை. வருஷத்துக்கு ஒருவராக மாறிக்கொண்டே வருவார்கள். குப்பம் முழுவதையும் நடத்திக் காட்டியபடியே அவள் விஷயத்தைச் சொன்னாள். எனக்குப் புரிந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதுதான் கதையின் அஸ்திவாரம்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் பட்டணத்தில் பெருவெள்ளம் வந்தது பலருக்கு நினைவிருக்கும். அப்போது குப்பத்தில் ஆற்றுக்கு இணையாக ஐந்து வரிசைக் குடிசைகள் இருந்தன. கீழ் வரிசை இரண்டும் அடித்துப் போயின. கன்னியம்மாவின் புருஷனும் போனான். தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் கூடி ஒரு முடிவு எடுத்தார்கள். சவுக்குத் தோப்புக்கு அப்பால் மேட்டில் புறம்போக்கு இருக்கிறது. அங்கே போய்விடுவது. ஆனால் அது பள்ளமும் பாறையுமான நிலம். நிரவி, மண் கொட்டி, கிணறு தோண்டினால்தான் குடியிருக்க முடியும். ஒரே வருஷத்தில் ஆகிற காரியமில்லை. ஆகவே வருஷத்துக்கு ஒரு வரிசை. எல்லா வரிசைக்காரர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் மண் சுமக்க வேண்டும். காலியான இடத்தில் யாரும் மறுபடி குடிசை போடக் கூடாது. எல்லோரும் சேர்ந்து சர்க்கார் கச்சேரியில் போய் நின்று அந்த நிலத்துக்கு அனுமதியும் வாங்கிவிட்டார்கள்.

இதில் எனக்கு வியப்பாக இருந்தது ஒன்று. ஒரு தடவை முடிவு செய்ததை ஒவ்வொரு வருஷமும் மழைக்கு முன்னால் மறுபடி வோட்டுக்கு விடுகிறார்கள். எதற்கு இந்த வம்பு என்று கேட்டேன். கன்னியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மொத வருசம் அல்லாரும் பயத்துல கைய தூக்கினாங்கம்மா. பயம் எத்தினி நாளு இருக்கும்? பயம் போனப்புறமும் வேணும்னு தோணுதான்னு கேக்கணும்ல" என்றாள்.

பயம் போய்த்தான் இருந்தது. வெள்ளத்துக்குப் பிறகு வந்த மழைகள் எல்லாம் சாதாரண மழைகள். நான்கு வரிசை மேட்டுக்குப் போய்விட்டது. மிஞ்சியது, மேட்டில் இடம் மட்டும் நிரவி வைத்திருந்த ஐந்தாவது வரிசை. அது கொஞ்சம் உயரமான திட்டில் இருந்தது. பெருவெள்ளத்திலும் அங்கே முழங்கால் தண்ணீர்தான். ஆனால் அந்தத் திட்டு காலியானால்தான் அதன் வழியாக ஒரு கால்வாய் வெட்டி, வெள்ளத்தைத் தோப்புக்கு இந்தப் புறமே திருப்பிவிட முடியும். அது நடக்காவிட்டால் இன்னொரு பெருவெள்ளத்தில் மேட்டு வீடுகளும் தீவாகிவிடும். அதாவது நாலு வருஷ உழைப்பும் இந்த ஒரு வரிசையில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த வரிசையின் பெரிய வாய் துலுக்காணம். சலவைத் தொழிலாளி. நல்ல உயரம், நரைத்த மீசை, கைகளெல்லாம் சவுக்காரத்தில் வெளுத்துப்போனவை. நான்கு மணிக்குத் தோப்பு நிழலில் கூட்டம் கூடியது. அவர்தான் முதலில் எழுந்தார். நான் ஒன்றும் வெள்ளம் வராது என்று சொல்லவில்லை என்றார். எங்கள் வரிசையில் எல்லோரும் துணி வெளுக்கிறவர்கள், ஈரத்துணி மூட்டையைச் சுமந்துகொண்டு மேட்டுக்கும் ஆற்றுக்கும் எத்தனை நடை நடப்பது, முழங்கால் தண்ணீருக்கு நாங்கள் ஆற்றையே விட்டுப் போவதா என்று கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது. பலர் பேசினார்கள். பெண்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினார்கள், யாரும் அவர்களை அடக்கவில்லை. இரண்டு முறை கூச்சல் முற்றியது. இரண்டு முறையும் கன்னியம்மா ஒரு பித்தளைத் தட்டைத் தட்டி நிறுத்தினாள்.

பிறகு வோட்டு. இரண்டு மரங்களுக்கு நடுவே புடவையைத் திரையாகக் கட்டி, பின்னால் இரண்டு பானை வைத்திருந்தார்கள். மஞ்சள் பூசியது 'வேணும்', சுண்ணாம்பு பூசியது 'வேணாம்'. ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை. திரைக்குப் பின்னால் போய் இஷ்டப்பட்ட பானையில் போட்டுவிட்டு வர வேண்டும். ஆணும் பெண்ணும் வரிசையில் நின்றார்கள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போன ஒருத்தி, இது ஒரு வோட்டா இரண்டு வோட்டா என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். என் ஊரில் நான் பார்த்த எந்தத் தேர்தலிலும் இவ்வளவு ஒழுங்கு இல்லை.

முறத்தில் கொட்டி எல்லோர் முன்னாலும் எண்ணினார்கள். 'வேணாம்' ஜெயித்துவிட்டது. மயிரிழையில் இல்லை, நன்றாகவே ஜெயித்தது.

துலுக்காணத்தின் வரிசையில் கைதட்டினார்கள். கன்னியம்மா பானைகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கீரைக் கூடையை எடுக்கப் போய்விட்டாள். நான் அவள் பின்னாலேயே ஓடினேன். அடுத்த வாரம் மறுபடி கேட்கலாமே என்றேன். முடியாது என்றாள். தோற்றவர்கள் மறுவோட்டுக் கேட்கக் கூடாது என்பது அங்கே ஏற்பாடு. ஜெயித்த கட்சியில் யாராவது கேட்டால்தான் மறுபடி கூட்டலாம். இல்லாவிட்டால் ஜெயிக்கிறவரைக்கும் கேட்டுக்கொண்டே இருப்பார்கள், அது வோட்டே இல்லை என்றாள். தன் புருஷனைக் கொண்டுபோன ஆற்றை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான்.

பஸ்ஸில் திரும்பினோம். சித்தப்பா சொன்னதுதான் சரி என்று மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை வண்டியில் ஊர் திரும்பிவிடுவது என்று முடிவு செய்தேன். அது முடியாமல் போனதற்குக் காரணம் என் மனஉறுதி இல்லை, காய்ச்சல். இரண்டு நாள் பிலோமினாவின் வீட்டில் மிளகு ரசமும் ரொட்டியுமாகப் படுத்திருந்தேன். (கடற்கரைக் காற்றில் தலைக்குத் துணி இல்லாமல் நடக்காதீர்கள். புரட்டாசி வெயிலும் சாந்தோம் காற்றும் சேர்ந்தால் எந்த உடம்பும் தாங்காது.)

புதன்கிழமை காலையில் வெளுத்த துணி மூட்டையோடு வாசலில் வந்து நின்றவர் துலுக்காணம். பிலோமினா வீட்டுத் துணிகளை வெளுப்பவர் அவர்தான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஜெயித்தவர் முகமாக அது இல்லை. துணியை எண்ணிக் கொடுக்கும்போதே இரண்டு தரம் தவறவிட்டார். என்ன உடம்புக்கு என்று பிலோமினா கேட்டாள்.

அவர் மூட்டையை ஓரமாக வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார்.

"டீச்சரம்மா, நா வேணாம்னுதான் போட்டேன். மறைக்கல. எங்க வரிசையில அல்லாரும் அப்பிடித்தான் போட்டிருப்பாங்கன்னு வெச்சுக்க. ஆனா வேணாம்னு வுழுந்தது எங்க வரிசையப் போல ரெண்டு பங்கு கீது. அந்த மிச்சம் யாரு? மேட்டுல குந்திக்கினு கீறானுங்களே, அவனுங்க. நாலு வருசமா அவனுங்க கூரைய நா தோள்ல தூக்கினேன். என் கூரைன்னு வந்ததும் அவனுங்களுக்குத் தோளு வலிக்குதா?"

சொல்லும்போது அவர் குரல் உயரவில்லை. எனக்கு ஜுரம் விட்ட மாதிரி இருந்தது. நான் இதை யோசிக்கவே இல்லை. ஆற்றை விட்டு வர மறுத்தவர்கள்தான் காரியத்தைக் கெடுத்தார்கள் என்று நினைத்திருந்தேன். ஏற்கெனவே கரையேறிவிட்டவர்கள், இனிமேல் எனக்கென்ன, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கலாம் என்று சத்தம் போடாமல் சுண்ணாம்புப் பானையில் கொட்டையைப் போட்டிருக்கிறார்கள்.

என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"மறுக்கா கூட்டச் சொல்லப்போறேன். ஜெயிச்சவன் கேக்கலாம்ல? நா கேக்கறேன்" என்றார் துலுக்காணம்.

நீங்கள் போக வேண்டாம் என்றவராயிற்றே என்றேன். இப்போதும் எனக்குப் போக இஷ்டமில்லைதான், ஆனால் அவர்கள் வேண்டாம் என்றதால் நான் இங்கேயே கிடக்க மாட்டேன் என்றார். இந்தத் தர்க்கத்தை எந்த அரசியல் சாஸ்திரத்திலும் நான் படித்ததில்லை. ஆனால் மனுஷ சுபாவம் தெரிந்த யாருக்கும் இது புரியும்.

ஊர்ப் பயணத்தைத் தள்ளிப்போட்டேன். மிச்ச நாட்களில் மயிலாப்பூரைச் சுற்றினேன். குளத்தங்கரையில் காய்கறி மலிவு. லஸ்ஸில் காபி நன்றாக இருக்கிறது, ஆனால் சர்க்கரை குறைவு, கேட்டால் முறைக்கிறார்கள். டிராமில் ஏறி மவுண்ட் ரோடு வரை போய்வந்தேன். ஜன்னலோரம் கிடைத்தால் இதைவிடச் சுகமான சவாரி பட்டணத்தில் இல்லை. ஆனாலும் மனசெல்லாம் ஞாயிற்றுக்கிழமையிலேயே இருந்தது.

இரண்டாவது ஞாயிறு தோப்பில் முன்னைவிடக் கூட்டம் அதிகம். செய்தி பரவியிருந்தது. துலுக்காணம் எழுந்து, புதன்கிழமை எங்களிடம் சொன்னதையே எல்லோர் முகத்தையும் பார்த்துச் சொன்னார். சொல்லிவிட்டு உட்காரவில்லை. மேட்டு வீட்டுக்காரர்கள் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டே இருந்தார். 

கடைசியில் இரண்டாம் வரிசையைச் சேர்ந்த சின்னசாமி எழுந்தார். செங்கல் சூளையில் வேலை செய்கிற நடுவயது மனிதர். யார் எந்தப் பானையில் போட்டது என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் சொன்னார்.

"நா வேணாம்னு போட்டேன் நைனா. உன் மேல கோவமில்ல. ஆறு நாளு சூளையில வேல, ஏழாம் நாளு மண்ணு. ஒடம்பு கேக்கல. அத்த வாயால சொல்ல வெக்கமா இருந்திச்சு. பானையில போட்டுட்டேன்."

அவர் உட்கார்ந்ததும் இன்னும் இரண்டு மூன்று பேர் அதையே சொன்னார்கள். ஒரு பெண், மேட்டுக் கிணற்றில் தண்ணீர் உப்பு கரிக்கிறது, இன்னும் ஆட்கள் வந்தால் குடிக்க எங்கே போவது என்று பயந்து போட்டதாகச் சொன்னாள். கன்னியம்மா தட்டைத் தட்டவே இல்லை. எல்லோரையும் பேச விட்டாள். முந்தின வாரம் இரண்டு கட்சியாக இருந்த கூட்டம், இப்போது ஆளுக்கொரு கஷ்டமாகப் பிரிந்து கிடந்தது. பிரிந்ததும்தான் ஒவ்வொன்றுக்கும் வழி தெரிய ஆரம்பித்தது.

பேரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்தது. எல்லா ஞாயிறும் மண் சுமக்க வேண்டாம், ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் போதும். கால்வாய் வேலை ஒரு வருஷத்துக்குப் பதில் இரண்டு வருஷம் இழுத்தால் இழுக்கட்டும் என்று முடிவாயிற்று. இரண்டாவது கிணறு தோப்பின் ஓரத்தில், நல்ல தண்ணீர் ஊற்று இருக்கும் இடத்தில். துலுக்காணத்தின் நிபந்தனை ஒன்றே ஒன்று: ஆற்றுக்கு இறங்கும் பாதையும் துவைக்கும் கற்களும் என்றைக்கும் வெளுப்பவர்களுக்கே, கைவண்டி போகிற அகலத்துக்குப் பாதையை மண் போட்டு மெத்திக் கொடுக்க வேண்டும். வண்டி இருந்தால் ஈரத்துணியைத் தலையில் சுமக்க வேண்டியதில்லை. கால்வாய் வெட்டுகிற மண்ணையே பாதைக்குப் போடலாம் என்று சின்னசாமி சொன்னார். முதல் வாரத்துத் திட்டத்தில் இந்தப் பாதையும் இல்லை, கிணறும் இல்லை. தோற்றதால் திட்டம் தேறிவிட்டது.

மறுபடி திரை, மறுபடி புளியங்கொட்டை. இந்தத் தடவை முறத்தில் மஞ்சள் பானையைக் கவிழ்த்தபோது எண்ண வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஆனாலும் கன்னியம்மா எண்ணித்தான் சொன்னாள். சுண்ணாம்புப் பானையிலும் சில கொட்டைகள் இருந்தன. அவற்றையும் அதே நிதானத்தோடு எண்ணினாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பிலோமினா போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பறையடிக்கத் தெரிந்த யாரோ ஒருவர் அந்தப் பித்தளைத் தட்டை எடுத்து அடிக்க ஆரம்பித்தார். தோப்பே ஆடியது. நானும் ஆடினேன் என்று பிலோமினா சொல்கிறாள். நகரசபை அங்கத்தினர் என்ற முறையில் நான் அதை மறுக்கிறேன்.

திங்கட்கிழமை காலை முதல் கூரை கிளம்பியது. துலுக்காணத்தின் கூரை. கட்டுகளை அறுத்து, கூரைக்கு அடியில் நீள மூங்கில்களைக் குறுக்கும் நெடுக்கும் செருகி, இரண்டு பக்கமும் ஆட்கள் தோள் கொடுத்தார்கள். மேட்டுக்காரர்கள்தான் முதலில் வந்து நின்றார்கள். சூளைக்குப் போகாமல் சின்னசாமி முன் மூங்கிலைப் பிடித்தார். "ஐலசா" என்று ஒரு குரல், நாற்பது தோள்கள், அவ்வளவு பெரிய ஓலைக் கூரை அப்படியே முழுசாகத் தரையை விட்டு எழும்பியது. அதை நான் நின்று பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. துலுக்காணத்தின் மனைவி என் கையில் இஸ்திரிப் பெட்டியைக் கொடுத்துவிட்டு, தான் அடுப்புக் கல்லைத் தூக்கிக்கொண்டாள். அந்தப் பெட்டி என்ன கனம். தோப்புக்குள் வளைந்து நெளிந்து, வேர்களைத் தாண்டி, மேடேறி, புது இடத்தில் விடியற்காலையிலேயே நட்டிருந்த கம்பங்களின் மேல் கூரை உட்கார்ந்தபோது மணி எட்டுகூட ஆகவில்லை. துலுக்காணம் வாசலில் நின்று ஆற்றைப் பார்த்தார். இங்கிருந்து ஆறு நன்றாகத் தெரிகிறது என்றார். அவர் வாயிலிருந்து வந்த பெரிய பாராட்டு அதுதான்.

ஊருக்குத் திரும்பும் வழியில் தியாகராய நகரில் இறங்கி, சித்தப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார். கால்வாயின் சரிவு பற்றி இரண்டு கேள்வி கேட்டார். ஒன்றுக்குத்தான் எனக்குப் பதில் தெரிந்தது. பிறகு, "முகம் தெரிஞ்ச நூறு பேர் சரி. முகம் தெரியாத கோடி பேருக்கு இது எப்படிம்மா ஆகும்?" என்றார்.

முழுப் பதில் என்னிடம் இல்லை, இருப்பதாகப் பாவனை செய்ய மாட்டேன். ஆனால் ஒன்று சொன்னேன். உத்தரவு போட்டு எழுப்பிய அணையை, உத்தரவு போட்டவர் போன பிறகு யார் காப்பாற்றுவார்கள்? இந்தக் குப்பத்தில் ஐந்து வருஷமாக ஒவ்வொரு வருஷமும் ஐந்து பேரோ ஐம்பது பேரோ வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, அதற்குப் பதில் சொல்லிச் சொல்லித்தான் திட்டம் வளர்ந்திருக்கிறது. நூறு பேரோ கோடி பேரோ, ஜெயித்தவன் திரும்பி வந்து மறுபடி கேளுங்கள் என்று சொல்லக்கூடிய ஒரு வாசலைத் திறந்து வைக்க வேண்டும். சித்தப்பா யோசித்தார். சம்மதித்தார் என்று சொல்ல முடியாது. அடுத்த வோட்டெடுப்புக்குத் தானும் வருவதாகச் சொன்னார். கால்வாயின் சரிவைப் பார்க்கத்தானாம்.

ராஜிநாமா செய்யவில்லை. ஏரித் தீர்மானத்தை உடைத்து, வருஷத்துக்கு ஒரு துண்டாக, வேண்டாம் என்றவர்களின் வீட்டு வாசலிலிருந்து தொடங்கி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஐப்பசியும் கார்த்திகையும் வந்து போயின. பிலோமினாவைப் பார்க்கும் சாக்கில் இன்னொரு தடவை போய்வந்தேன். அந்த வருஷம் வெள்ளம் வரவில்லை. வழக்கமான மழைதான், ஆறு கரைக்குள்ளேயே ஓடியது. ஐந்தாம் வரிசை முழுவதும் மேட்டில் இருந்தது. கால்வாயில் ஒரு பகுதி வெட்டியாகிவிட்டது. இரண்டாவது கிணற்றில் தண்ணீர் தித்திப்பாக இருந்தது, நானே குடித்தேன். வராத வெள்ளத்துக்காக இத்தனை பேர் சேற்றில் நின்று வெட்டிக்கொண்டிருந்தார்கள். இதைவிடப் பெரிய வெற்றியை நான் எந்த ஊர்வலத்திலும் பார்த்ததில்லை.

நீங்களும் போக எண்ணினால் சில யோசனைகள். புரட்டாசி முதல் ஞாயிற்றுக்கிழமை போங்கள், அப்போதுதான் வோட்டெடுப்பு; ஜெயித்தவர்கள் கேட்டால் அடுத்த ஞாயிறும் உண்டு. கூட்டம் மாலை நான்கு மணிக்கு, மூன்றரைக்கே போய்விட்டால் நிழலில் இடம் கிடைக்கும். பாலத்தைத் தாண்டுவதற்கு முன்பே இறங்கிவிடுங்கள். தாண்டிவிட்டால் வெயிலில் திரும்பி நடக்க வேண்டும். அரிசிக்குத் திண்டாட்டமான காலம், யார் வீட்டில் தங்கினாலும் பருப்போ புளியோ கொஞ்சம் கையில் கொண்டுபோங்கள். புதுச் செருப்பு வேண்டாம், கரை முழுவதும் சேறு. கூட்டத்தில் வெளியூர்க்காரர்கள் பேசலாம். வோட்டு மட்டும் கிடையாது. மறுநாள் காலையும் தங்க முடிந்தால் அவசியம் தங்குங்கள். வேடிக்கை பார்க்க நினைத்தால் ஏமாந்துபோவீர்கள், யாராவது ஒரு மண்வெட்டியை உங்கள் கையில் கொடுத்துவிடுவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள்.